டப்பாவுக்கு ஒன்று

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் ஜெரோமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனான், பாட்டிலைக் குழாயடியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினான். வேன் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தான். ஒரு இடத்தில் உட்காரச் சொல்லி மனைவி பிரிசில்லா இரண்டு தரம் அதட்டிவிட்டாள்.

கட்டிலில் கிடந்தது அவர்களுடைய ஒரே மகள் ஷைனி. ஏழு வயது. மூன்று வாரமாகத் தலைவலி. போன ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது மணலிலேயே வாந்தி எடுத்தாள். பழியை அங்கே தின்ற வறுத்த மீன்மேல் போட்டார்கள். பாவம், மீன் என்ன செய்யும்? அப்புறம் சீப்பு நிறைய முடி வந்தது, உதடு தோலுரிந்து வெடித்தது. டாக்டர் நரசிம்மன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. காரணம் தெரிய முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டுமாம். மாத்திரை, டானிக், நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். பிரிசில்லா இல்லவே இல்லை என்றாள். ஜெரோம் வாயே திறக்கவில்லை.

திறந்தால் மாட்டிக்கொள்வான். அவன் செய்துவைத்திருந்த காரியம் அப்படி.

ஜெரோம் ஊரப்பாக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் ஏற்றிப்போகிறவன். அங்கே ஜெயப்பிரியா என்கிற அம்மாவின் மகன் கார்த்தி, வீட்டில் கொடுத்தால் வைட்டமின் மிட்டாயைத் தொடமாட்டான். வேன் அண்ணன் கொடுத்தால்தான் வாயைத் திறப்பான். அந்தம்மா டப்பாவையே கொண்டுவந்து வேனில் வைத்துவிட்டாள். ஒருத்தி வைத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே மாதத்தில் ஐந்து டப்பா சேர்ந்துவிட்டது, ஒவ்வொன்றின் மேலும் பிள்ளையின் பெயர் ஒட்டி. கரடிக்குட்டி உருவத்தில், சிவப்பும் மஞ்சளுமாக, மென்றால் ஜவ்வாக இழுக்கும். தினமும் காலையில் ஆளுக்கொன்று கொடுப்பது ஜெரோமின் வேலையாகிவிட்டது.

அந்தப் பிள்ளைகள் நெடுநெடுவென்று வளர்ந்தார்கள். ஷைனியோ வகுப்பிலேயே குள்ளம். எல்லாம் இந்த மிட்டாய் பண்ணுகிற வேலை என்று அந்த மடையன் நம்பிவிட்டான். டப்பாவுக்கு ஒன்று எடுத்தால் எந்த அம்மாவுக்குத் தெரியப்போகிறது? சாயங்காலம் வீட்டு வாசலில் வேன் நின்றதும் ஷைனி ஓடிவருவாள், ஐந்தையும் அவள் உள்ளங்கையில் வைப்பான். ஆன்ட்டிகள் உனக்கென்றே கொடுத்தனுப்பினார்கள், அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லிவைத்திருந்தான். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. டப்பா தீர்ந்துவிட்டது என்று இவன் சொன்னால் மறுநாளே புதுசு வந்துவிடும், ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

முதுகில் ஊசி குத்தச் சம்மதம் கேட்டு, நர்ஸ் கையெழுத்துக்குக் காகிதம் நீட்டினாள். பேனாவை வாங்கினான், எழுத வரவில்லை. சொன்னால் திருடன் என்று பெயர், வேன் வேலை போகும், பிரிசில்லா முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அந்தச் சின்ன முதுகில் ஊசி இறங்கும், அதற்குப் பிறகும் இவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். பேனாவை வைத்துவிட்டு நேரே டாக்டர் முன்னால் போய் நின்றான்.

"நான்தான் சார் குடுத்தேன். வேன்ல வர்ற புள்ளைங்களோட வைட்டமின் மிட்டாயி. டெய்லி அஞ்சு. அவங்களுக்குத் தெரியாம எடுத்துகினு வந்து குடுத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. டப்பாக்களைக் கொண்டுவரச் சொன்னார். ஜெரோம் படியில் தடுமாறி இறங்கி, வேனிலிருந்த ஐந்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தான். அவர் பொடி எழுத்தையெல்லாம் படித்தார். வைட்டமின் ஏ அதிகமானால் சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும், இப்படித்தான் தலையைப் பிடிக்கும், முடி கொட்டும், உதடு வெடிக்கும் என்றார். ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், ஊசியை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம், மிட்டாயை விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். சோறு, கீரை, முட்டை எல்லாம் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். பிரிசில்லா தலையாட்டினாள்.

"அப்ப இது எதுக்குங்க? அந்தப் பிள்ளைங்களுக்குமே தேவையான்னு அவங்கவங்க டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுக்கச் சொல்லுங்க."

ஜெரோமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் டாக்டர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பிரிசில்லா இவன் பக்கம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"எம் புள்ளைக்கு இன்னா கொறச்சல்னு நீ திருடப் போன?"

நாளைக்கே ஐந்து வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று முணுமுணுத்தான். அவள் ஷைனியின் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஷைனி தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். மேசைமேல் இருந்த டப்பாக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப அந்த ஆன்ட்டிங்களுக்கு நான் ஒருத்தி கீறதே தெரியாதாப்பா?"