லேசரை அணைத்துவிட்டுச் சுடு

அடுத்த மாதம் டாங்கிச் சூட்டுப் பயிற்சி. பீரங்கியைச் சுடும் கன்னர்கள் என்ன செய்து காட்டினால் தேர்ச்சி என்று எழுதித் தரும் வேலை ஹவில்தாரான என்னுடையது. தூரம் அளக்கும் லேசர் கெட்டுப்போனாலும், கண்ணால் தூரத்தைக் கணித்து, ஓடுகிற டார்கெட்டை அடிக்க வேண்டும் என்று எழுதினேன். லீவில் உத்திரமேரூர் வந்த மறுநாளே சுபேதார் வேதகிரி போன் செய்தார்.

"அருள்தாஸ், அந்த ஒண்ண எடுத்துட்டேன். லேசர் இருக்கும், டார்கெட் நிக்கும். ரெஜிமென்ட் மொத்தமும் பாஸ் ஆவணும். சாயந்திரத்துக்குள்ள சரின்னு சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்கிற டார்கெட்டா? பயிற்சி மைதானத்தில் எது எங்கே நிற்கும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். கூலிக்குக் கதிர் அறுத்து வளர்ந்தவன் நான். அறுத்து முடித்த வயலில் ஆளை இறக்கிவிட்டு, நல்லா அறுக்கிறான் என்று எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை.

என் டாங்கியின் கன்னர் கலைச்செல்வன், என் தங்கை செவ்வந்தியின் புருஷன். அவனும் லீவில் இருந்தான். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"நல்லதாப் போச்சு மச்சான். பாஸானா நாயக் ஆயிடுவேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

"எதிர்க்கரைல மோட்டார் கொட்டா தெரியுதா? எவ்ளோ தூரம்?"

"எண்ணூறு மீட்டர் இருக்கும்."

போன் மேப்பில் அளந்து காட்டினேன். ஆயிரத்து நானூறு.

"தண்ணி மேல பாத்தா கிட்டதான் தெரியும் மச்சான்."

"எதிரி உனுக்குத் தோதா பாத்து நிப்பானா? உன் குண்டு பாதி வழில வுயுந்துட்ச்சு. இப்ப அவன் சுடுறான். உள்ள நீ மட்டுமா கீற? நானும்தான் கீறேன்."

"நாலு வருசமா காத்துக்கினு கீறேன். நீ ஹவில்தார் ஆயிட்ட, பேசுவ!"

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

நான் நடந்தே அவர்கள் வீட்டுக்குப் போனேன். நூறு நாள் வேலை முடித்து வந்த செவ்வந்தி வாசலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, எங்க வூட்டுக்காரு பிரமோசன கெடுக்கிறியாமே? கத்திட்டு உள்ள பட்த்துனு கீது."

நடந்ததைச் சொன்னேன். மண்வெட்டியைச் சுவரோரம் போட்டாள்.

"அத எடுக்கச் சொன்னவரு டேங்க்குல ஏறுவாரா?"

"மாட்டாரு."

"அப்ப நீ பேசுண்ணா. அது உசுரோட வூட்டுக்கு வந்து எங்கிட்ட கத்தட்டும்."

அங்கேயே நின்று சுபேதாருக்குப் போன் போட்டேன்.

"சரின்னு சொல்ல முடியாது சாப்."

"அப்ப வேற ஆள வெச்சு எழுதிக்கிறேன். நீ ஸ்டோர்ல உக்காந்து மூட்ட எண்ணு."

"எண்றேன் சாப். ஆனா லேசர் இல்லாம அடிக்காத வரைக்கும் என் கன்னர் பாஸுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவன் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.