தொட்டி அளவுக்கு

அந்த சலூனில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் சுறா தெரியும். முன் சுவர் முழுக்கக் கண்ணாடி. பின் சுவரை ஒட்டி நாலடித் தொட்டி. தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிறவரின் கண்ணுக்கு நேரே, கண்ணாடிக்குள், பழுப்பு நிறச் சுறா ஒன்று வயிறு மணலில் பதிய அசையாமல் கிடக்கும்.

"உயிரோடதான் இருக்கா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"மேனேஜர் சார் அப்படித்தான். நாள் பூரா சீட்டை விட்டு எழுந்திரிக்க மாட்டாரு. சாப்பாடு வந்தா முதல் ஆளா நிப்பாரு" என்பார் ஓய்வு பெற்ற தபால்காரர். வெட்டிக்கொள்ள அவருக்கு முடி கிடையாது. பேப்பர் படிக்க வருகிறவர். அவர் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

இன்று பேப்பர் இல்லை, தபால்காரர் இல்லை. சலூனுக்கு வார விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சலூன்காரர் பத்து மணியிலிருந்தே வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு அரசு மீன் காட்சிசாலையின் டாக்டர் வருகிறார். அவர் சரியென்று தலையாட்டினால், சினிமா தியேட்டர் அளவுள்ள குளத்துக்கு மேனேஜருக்கு மாற்றல். இல்லையென்றால், கேட்பதற்கு இனி ஓர் இடமும் பாக்கியில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது ஒரு முட்டை. வண்ணமீன் கடையில், விளக்கு வெளிச்சத்தில், தோல் பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று துடித்தது. சலூன்காரர் சொக்கிப்போனார்.

"இது எவ்வளவு பெருசாகும்?"

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும், அண்ணே. சின்னத் தொட்டியில விட்டா சின்னதாவே நின்னுடும்" என்றார் கடைக்காரர்.

சலூனுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். சலூனின் ஒரு மூலையில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய தையல் கடை. "அப்படின்னா சின்னச் சட்டையா தைச்சுப் போட்டா புள்ளைங்க வளராம நின்னுடுமா?"

"மீன் வேற, மனுசன் வேற."

"நல்லவேளை, அதையாவது சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தாள்.

முட்டையை விட்டு வெளியே வந்தபோது அது ஒரு சாண் கூட இல்லை. வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக, உடம்பைவிட வால் நீளமாக இருந்தது. வளர வளரத்தான் வரி மங்கிப் பழுப்பானது. அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. முடி வெட்ட அடம்பிடிக்கும் வாண்டுகள் எல்லாம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தன. சலூன்காரர் தினமும் காலையில் கடல் உப்புக் கரைத்தார், வெப்பம் பார்த்தார், கணவாய் மீனை நறுக்கிக் கையாலேயே ஊட்டினார். அது அவர் விரலைக் கடித்ததே இல்லை. விரலுக்கும் கணவாய்க்கும் வித்தியாசம் தெரிந்து வைத்திருந்தது.

மாதா மாதம் மனைவி தொட்டியின் கண்ணாடிமேல் டேப்பை வைத்து அளந்து, பின்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டாள். முதல் வருஷம் சிரித்துக்கொண்டே போட்டாள். இரண்டாம் வருஷம் சிரிக்கவில்லை. அதன் நீளம் தொட்டியின் அகலத்தைத் தாண்டிய அன்று கோடு போடாமலே டேப்பைச் சுருட்டினாள்.

"இனிமே திரும்பணும்னா மடங்கித்தான் திரும்பணும்" என்றாள்.

"ஊருல வளர்றதையெல்லாம் வெட்டுற ஆளுதானே நீ? இதுக்கு மட்டும் கத்திரி எடுக்க மாட்டேங்கிறியே!" என்று தபால்காரர் கிண்டல் செய்தார். வழக்கமாக அவர் பேச்சுக்குச் சிரிக்கிற சலூன்காரர் அன்று கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. வண்ணமீன் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். "எனக்கு சரக்குப் போடுறவர் அப்படித்தான் சொன்னாரு. நான் என்ன சுறாவைப் பெத்தா வளர்த்தேன்?" என்று கடைக்காரர் கையை விரித்தார். பெரிய தொட்டி செய்பவரிடம் அளவு கொடுத்தார். எட்டடித் தொட்டி, தண்ணீரோடு இரண்டு டன்னுக்கு மேல் வரும் என்றார் அவர். சலூன் இருப்பது மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில். "தொட்டியை மேல வைப்பீங்க. சுறா கீழ வந்து மாத்திரை கேட்கும். அப்புறம் நான் என்ன பண்றது?" என்று கட்டட உரிமையாளர் மறுத்துவிட்டார். கடலில் விடலாமா என்றால் அதுவும் கூடாதாம். இந்தக் கடலின் மீன் இல்லை, இரை தேடத் தெரியாது, தொட்டி நோயைக் கொண்டுபோய்ப் பரப்பும், சட்டப்படி குற்றம். போனில் ஒரு மீன்வள அதிகாரி விரல் விட்டு எண்ணாத குறையாகச் சொன்னார். கடைசியில் சலூன்காரர் காட்சிசாலைக்கு எழுதினார். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். வரிசையில் இருக்கிறீர்கள் என்று பதில் வந்தது.

எட்டு மாதம் கழித்து இன்றுதான் வருகிறார்கள்.

இந்த எட்டு மாதத்தில் ஒன்று நடந்துவிட்டது. அதை முதலில் பார்த்தவள் மனைவி. உப்புத் தண்ணீர் ஊற்றும்போது மேலேயிருந்து குனிந்தவள், "என்னங்க, இது முதுகு நேரா இல்லையே" என்றாள்.

"தண்ணி அப்படிக் காட்டும். கம்பைத் தண்ணியில விட்டா வளைஞ்சு தெரியாதா?"

"கம்பை வெளிய எடுத்தா நேராயிடும்."

சலூன்காரரோ, காதோர முடியில் ஒரு நூல் ஏறி இறங்கினாலும் கண்டுபிடிக்கிற மனிதர். அதன் பிறகு மேலேயிருந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். முடி வெட்டிக்கொண்டே முன்கண்ணாடியில் பார்த்தால் பக்கவாட்டு மட்டும் தெரியும். பக்கவாட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

இன்று காலை அவர் செய்த காரியம் தொழில்புத்தி. உச்சிச் சொட்டையோடு பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகள் எத்தனை பேரைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறார்! பக்கத்து முடியை நீளமாக விட்டு, மேலே இழுத்துச் சீவி, படிய வைத்துவிட்டால் போதும். அதே மாதிரி தொட்டியின் மேல் விளக்கை அணைத்தார். மூடியின் மேல் வெள்ளைத் துண்டுகளை அடுக்கினார். பச்சைச் செடியை இடதுபக்கம் நகர்த்தி, முதுகு திரும்பும் இடத்தை மறைத்தார்.

மனைவி தடுப்புக்கு மேலே தலையை நீட்டினாள். "டாக்டரையே ஏமாத்தப் போறீங்களா?"

"ஒரு தடவை அங்க போய்ச் சேர்ந்துட்டாப் போதும். அப்புறம் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"சொட்டைன்னு தெரிஞ்சதும் எத்தனை பொண்ணு வீட்டுக்காரங்க உங்களைத் தேடிக்கிட்டு வந்திருக்காங்க?"

"கல்யாணம் முடிஞ்சப்புறம் யாரும் வரலை."

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். முப்பது வயதுப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கீழே வண்டியில் ஆறடிப் பெட்டி, தண்ணீரும் காற்றுக் குழாயுமாகத் தயாராக நின்றது. அதை ஜன்னல் வழியே பார்த்ததும் சலூன்காரருக்குப் பாதி உயிர் வந்தது.

"ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் டாக்டர்.

"நம்ம பிள்ளை மாதிரி, மேடம். விடுமுறைன்னு ஊர்ப் பக்கம்கூடப் போனதில்லை, கேட்டுப் பாருங்க."

"எதுக்கு இவ்வளவு டவல்?"

"அது... காயப்போட்டது."

டாக்டர் துண்டுகளை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். மூடியைத் திறந்து மேல் விளக்கைப் போட்டார். குனிந்தார். சொட்டை என்பது மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

சுறாவின் முதுகு, முதல் துடுப்புக்குப் பின்னால் லேசாகக் கூனி, அங்கிருந்து இடதுபக்கம் வளைந்து வால் வரை போனது. தொட்டியின் மூலை எப்படித் திரும்புமோ, அப்படியே.

டாக்டர் நிமிர நேரமானது.

"நீங்க அனுப்பின போட்டோவுல நேரா இருந்துச்சே சார்."

"அப்ப நேராத்தான் இருந்தான், மேடம். அப்பவே வந்திருக்கலாமே?"

"குளம் ரிப்பேர்ல இருந்துச்சு. வரிசையில உங்களுக்கு முன்னாடி பதினாலு பேர்."

"பதினாலும் சுறாவா?"

"இதே வகை. எல்லாரும் முட்டையாத்தான் வாங்கியிருக்காங்க. தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும்னு எல்லார்கிட்டயும் ஒரே வசனம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அது சலூன்காரருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இதை அந்தக் குளத்துல விட முடியாது சார். அங்க பெரிய மீன்கள் இருக்கு. நேரா நீந்த முடியாததைத் துரத்தும், கடிக்கும். ஒரு வாரம் தாங்காது."

"தனியா ஒரு ஓரமா... சின்ன இடம் போதும் மேடம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சின்ன இடம்.

"தனித் தொட்டி எல்லாம் நிரம்பிடுச்சு சார். சத்தியமா இடமில்லை."

"பெருசா ஒண்ணுல விட்டா முதுகு நேராயிடுமா?"

"ஆகாது. எலும்பு இல்லை, குருத்தெலும்புதான்னாலும் முதுகுத்தண்டு அப்படியே இறுகிடுச்சு."

தையல் மெஷின் எப்போதோ நின்றிருந்தது. மனைவி தடுப்பைச் சுற்றி வந்து நின்றாள். "வலிக்குமா டாக்டரம்மா?"

"தெரியலைங்க. அதால சொல்ல முடியாதே."

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார் டாக்டர். தண்ணீரில் மருந்து கலந்தால் தூங்குகிற மாதிரி போய்விடும், பதினைந்து நிமிஷம்கூட ஆகாது, கையெழுத்துப் போட்டு போன் செய்தால் தானே வருவதாகச் சொன்னார். "போடணும்னு கட்டாயம் இல்ல சார். நீங்க பார்த்துக்கிற அழகுக்கு, இப்படியே இன்னும் பதினஞ்சு வருஷம்கூட இருக்கும்."

அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

கீழே வண்டி கிளம்பும் முன் டிரைவர் பெட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டார். மேனேஜருக்காகக் கொண்டுவந்த உப்புத் தண்ணீர் தெருவோரமாக ஓடி, மருந்துக் கடை வாசலைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. கடைசிச் சொட்டு வரை சலூன்காரர் ஜன்னலில் நின்று பார்த்தார்.

திரும்பி வந்து படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் மணலை விட்டு எழுந்து, மடங்கித் திரும்பி, கண்ணாடியோரம் வந்து அவர் கையைப் பார்த்தது. அது கணவாய் போடும் நேரம். பேனாவை மூடிவிட்டுக் கணவாயை நறுக்கினார். விரலைத் தொடாமல் வாங்கித் தின்றது.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"நீயே சொல்லேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன்." சொல்லிவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இன்னைக்குச் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் தெரியலைங்க."

படிவம் சீப்புப் பெட்டிக்கு அடியில் போனது. சலூன்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டவர் மாதிரி வேலை செய்தார். செடியை எடுத்தார். கற்களை எடுத்தார். குட்டியிலிருந்து அது தலையை நுழைத்துக்கொண்டு தூங்கும் மண்பானையையும் எடுத்தார். மனைவி பேசாமல் டேப்பைக் கொண்டுவந்து அளந்தாள்.

"நாலு விரக்கடை இடம் கூடியிருக்கு" என்றாள்.

அந்த நாலு விரக்கடையில் மேனேஜர் என்ன செய்யப்போகிறது என்று இருவரும் நின்று பார்த்தார்கள். அது தொட்டியை இரண்டு முறை சுற்றியது. பிறகு, பானை இருந்த மூலைக்கே போய், பானை இருப்பது போலவே தலையைக் கண்ணாடியில் முட்டி வைத்துக்கொண்டு கிடந்தது. வெளிச்சம் முழுவதும் அதன் மேல் விழுந்தது.

சலூன்காரர் விளக்கை அணைத்தார். ஆணியில் தொங்கிய போர்வைத் துணியை எடுத்து உதறினார். முடி வெட்ட உட்காருகிறவர்களுக்குப் போர்த்துகிற துணி. தொட்டியின் மேல் விரித்து, ஓரங்களை இழுத்து, பின்னால் முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போட்டதும் இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் அவர் வாய் தானாகத் திறந்தது. போர்த்தி முடித்ததும் எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: "அசையாம இருங்க, கொஞ்ச நேரம்தான்."

"அசையாம இரு..." என்றார்.

மீதியைச் சொல்ல வரவில்லை.