இரண்டு பேருக்கும் போதுமான காற்று

சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் புஷ்பவல்லியைக் கூப்பிட யாருக்கும் தைரியம் வராது. பக்கத்து வீட்டு நேசம்மா ஆன்டிகூட, "அது இப்ப வானத்துல இருக்கும். இறங்கி வந்ததும் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். டிவியில் விண்கப்பல் தொடர் ஓடுகிற நேரம் அது. மலேசியாவில், கிள்ளானின் அந்த வரிசை வீடுகளில் எல்லாரும் தமிழ்ப் படத்துக்குத்தான் உட்காருவார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே இங்கிலீஷ் பேசிக்கொண்டு அலைகிறவர்களுக்காக உட்கார்ந்தவள் இவள் ஒருத்திதான்.

அவளும் அவள் கணவன் வாசுவும் பக்கத்து ஊரான மேருவில் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அவளுக்கு பேக்கிங்கில் காலை ஷிப்டு, அவனுக்கு மெஷினில் மத்தியான ஷிப்டு. அவள் கேட்டைத் தாண்டி வெளியே வரும்போது அவன் உள்ளே போவான்.

"கேஸ் முடிஞ்சிருச்சு புஷ்பா."

"சரிங்க, சொல்லிடுறேன். ரசம் மூடி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசியதில் பாதி அந்த கேட்டில் நின்றபடி பேசியதுதான். அவன் வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கிப் போயிருப்பாள், அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். அது இல்லையென்றால் யாராவது வீட்டுக் கல்யாணம்.

ஒரு சனிக்கிழமை தொடரில் வந்த கதை ஒரு கணவன் மனைவியைப் பற்றியது. பழுதான கப்பல், உள்ளே இருப்பது ஒருவர் மூச்சுவிடப் போதுமான காற்று. அதனால் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சை நிறுத்தி உறங்க, மற்றவர் விழித்திருந்து கப்பலை ஓட்டுவார். முறை மாறும்போது இவர் எழுந்ததும் அவர் படுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் கையைத் தொட்டுக்கொள்ள மட்டும் நேரம் இருக்கும். இப்படியே வருஷக்கணக்கில். தலை நரைத்துவிட்டது. அந்தப் பெண் தான் விழித்திருந்த காலமெல்லாம் ஒரு மூலையில் செடி வளர்த்திருந்தாள். செடிகள் பெருகப் பெருகக் காற்றும் கூடிக்கொண்டே வந்தது. அன்றைக்கு அவன் எழுந்தான். வழக்கம்போல மனைவியைப் படுக்கவைக்கப் பெட்டியைத் துடைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து, "இன்னிக்கு நான் படுக்கப்போறதில்லை" என்றாள்.

அதோடு கரண்டு போய்விட்டது.

புஷ்பவல்லி ஒரு நிமிஷம் கறுத்துப்போன டிவியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடைகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு லோரிக்காரன் ஹாரனை அழுத்தித் திட்டியது அவள் காதில் விழவில்லை. சீன முதலாளி தவுக்கேயின் மின்சாமான் கடைக்குள் போய் நின்று, "பாஸ், விண்கப்பல் வர்ற சேனலுக்கு மாத்துங்க! ப்ளீஸ் லா!" என்றாள். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்த தவுக்கே என்ன ஏதென்று கேட்கவில்லை. வரிசையாக வைத்திருந்த டிவி எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்.

ஏழெட்டு திரையிலும் அந்த இரண்டு பேர். சின்ன மேசை, நடுவில் கீரை சூப். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்க வெட்கப்பட்டார்கள். கடைசியில் அவன் கேட்டான்: "நீ இடது கையாலயா சாப்பிடுவே? எனக்குத் தெரியாமப் போச்சே."

புஷ்பவல்லி வாய்விட்டு அழுதுவிட்டாள். மின்விசிறி விலை கேட்க வந்த ஒரு மலாய்க்கார அம்மாள், மக்சிக், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "கெனாப்பா நாங்கிஸ்?" என்று பதறினார். ஏன் அழுகிறாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரையைக் காட்டினாள். மக்சிக் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவுக்கே மட்டும் அழவில்லை. ஆனால் அந்த நேரத்தில் விலை கேட்க வந்த ஒருவரை, "நந்தி, நந்தி" என்று பொறுக்கச் சொல்லிக் கையமர்த்தி நிறுத்திவைத்தார்.

கடையைவிட்டு வெளியே வந்தவளின் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தெருவோர மாமாக் சாப்பாட்டுக் கடையில் இரண்டு மீ கோரெங் நூடுல்ஸ் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு மேரு பஸ் ஏறினாள்.

தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு நின்ற பழனியப்பன் அண்ணன் அவளுடைய வீங்கிய கண்ணைப் பார்த்ததும் பயந்துபோனார். அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போன் போட்டு, "வாசுவ அனுப்பு, அவன் சம்சாரம் அழுதுக்கிட்டு வந்து நிக்குது" என்று சொல்லிவிட்டார்.

வாசு ஓடிவந்தான். கை முழுக்க வெள்ளைப் பவுடர்.

"என்னாச்சு? அம்மாவுக்கா?"

"இல்லைங்க. அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டாங்க!"

"எவங்க?"

"கப்பல்ல இருந்தவங்க."

வாசு பழனியப்பனைப் பார்த்தான். பழனியப்பன் வானத்தைப் பார்த்தார். பிறகு வாசு பெரிதாக மூச்சுவிட்டு, அங்கேயே குத்துக்கல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். சாப்பாட்டு மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

காவல் கொட்டகைக்குப் பக்கத்து பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவள் கதையை முதலிலிருந்து சொன்னாள். சொல்லிக்கொண்டே அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள். நூடுல்ஸில் கிடந்த முளைப்பயறை எல்லாம் ஒரு ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, கடைசியில் ஒரே வாயாகப் போட்டுக்கொண்டான்.

"இது என்னாங்க பழக்கம்?"

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீ பார்த்ததில்லையா?"

"எங்க பார்த்தேன்!" என்றாள். மறுபடியும் கண் நிறைந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது.

பழனியப்பன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். "அது சரிம்மா, அந்தச் செடிக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" மணி மறுபடி அடிக்கும்வரை மூவரும் அதைப் பற்றியே வாதாடினார்கள்.

திங்கட்கிழமை வாசு சூப்பர்வைசரிடம் போய்க் காலை ஷிப்டு கேட்டான். அவர் உடனே கொடுக்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்த வீட்டில் இரண்டு பேர் வானத்துக்குப் போய்விடுகிறார்கள். இங்கிலீஷ் பாதி புரியாமலேயே வாசுதான் அதிகம் அழுகிறான் என்று புஷ்பவல்லி தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்.