பழைய விண்டோவை மூடாதே

சின்னவள் செருப்பு மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் போச்சு. எதிரே லேப்டாப்பில் நேற்று திறந்த ஒரே ஒரு விண்டோ. வெளியூரில், விடுமுறைக்குப் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் இருக்கிற கம்பெனியின் லினக்ஸ் சர்வருக்குள் போக அதை விட்டால் வழியில்லை. புதிதாக யார் லாகின் செய்தாலும் ‘அனுமதி இல்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுகிறது. வீட்டு வைஃபையைத் தாண்டினால் இந்த விண்டோவும் அறுந்துவிடும். அப்புறம் யாராவது அங்கே நேரில் போய்ச் சேரும்வரை அந்த சர்வரை நம்பியிருக்கும் ஒரு மருந்துக்கடைக்கும் சரக்கு போகாது. புது வழி திறக்காமல் பழைய விண்டோவை மூடாதே என்று ஆபீசில் எல்லாருக்கும் ஓதியவளே அவள்தான்.

அப்பாவுக்கு இன்றைக்கு இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

பெரியவள் போன் செய்தாள். “அப்பா உன்னத்தான் கேட்டுட்டே இருக்காரு. எங்கடி இருக்க?”

“இதோ கிளம்பிட்டேன்க்கா.” காலையிலிருந்து இதே பொய்தான்.

அடுத்து மேனேஜர். “ஒரு ரீஸ்டார்ட் போட்டுப் பாரும்மா.” காய்ச்சல் வந்தாலும் ரீஸ்டார்ட்தான் போடுவார் அந்த மனுஷர்.

“போட்டா இருக்கற வழியும் போயிடும் சார்.”

“அப்ப ஃபயர்வாலப் பாரு. பாஸ்வேர்டுக்குப் பதிலா வெச்சிருக்கோமே, அந்தச் சாவிய மாத்திப் பாரு.”

பார்த்தாள், மாற்றினாள். பொழுது போனதுதான் மிச்சம். கடைசியில் அவர் பேச்சை ஓரம்கட்டிவிட்டு, சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள். விஷயம் பச்சையாக அங்கே இருந்தது: கோப்புறை ஊருக்கே திறந்து கிடக்கிறது, அதிலுள்ள சாவியை நம்ப முடியாது.

கூட வேலை செய்யும் மீசைக்காரரைக் கூப்பிட்டாள். “அண்ணே, நேத்து கோப்புறையில கை வெச்சீங்களா?”

“ஆமாம்மா. ஃபைல் எடுக்க முடியலன்னு ஆளாளுக்குப் புலம்பினாங்க. மொத்தமா எல்லாருக்கும் தெறந்து விட்டுட்டேன்.” குரலில் பெருமை வேறு.

எல்லாருக்கும் திறந்துவிட்டு எல்லாரையும் வெளியே நிறுத்தியிருக்கிறார் புண்ணியவான். திட்ட வாய் துறுதுறுத்தது, நேரமில்லை. பழைய விண்டோவிலேயே கோப்புறையின் அனுமதிகளை முன்போல் இறுக்கினாள். புது விண்டோ திறந்து லாகின் செய்தாள். மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது.

கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்போது பெரியவள் கூப்பிட்டாள்.

“உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கடி. இப்பத்தான்.”

“என்ன சொன்னாரு?”

“நான்தான் உன்னத் திட்டிட்டு இருந்தேன். ‘அவளுக்கு என்ன வேலையோ, தொந்தரவு பண்ணாத, முடிச்சிட்டு வரட்டும்’னாரு.”

அப்பாவும் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“முடிச்சிட்டேன்க்கா,” என்றாள் சின்னவள்.