மரத்தில் பழுத்தவை

கொழுந்தன் கொட்டகை வாசலில் வந்து நின்றபோது அவள் பழப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். கணவன் இறந்து எட்டு மாதம். நகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த இந்தத் தம்பி, காரியம் முடிந்த கையோடு பேரிக்காய்த் தோட்டத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான். பழைய ஆட்களை நிறுத்தினான். அண்ணிக்கு விட்டது இந்தக் கொட்டகையும் பின்னாலிருந்த ஓர் அறையும்தான். கையெழுத்துப் போட்ட அன்று அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "மரத்தப் பத்தி உங்களுக்கென்ன தெரியும் அண்ணி" என்று சிரித்தான்.

இன்று சிரிப்பில்லை. "காயெல்லாம் கல்லாட்டம் இருக்கு. எப்பப் பறிக்கிறது? அண்ணன் எதாவது சொல்லிருக்காரா?"

அது பழைய ரகம். இப்போது யாரும் நடுவதில்லை. குட்டைக் கழுத்து, துருவேறிய தகரம்போலச் சொரசொரத்த தோல். பச்சையாக, கல்லாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். காயைப் பக்கவாட்டில் தூக்கினால் காம்பு தானே விட்டுக்கொடுக்கும் நாள்தான் கணக்கு. பிறகு குளிர்ந்த அறையில் வைக்கோலுக்குள் மூன்று வாரம் கிடந்தால் வெண்ணெயாக இளகும். மரத்திலேயே விட்டால் உள்ளிருந்து பழுக்கும். தோல் பொன்னாக மின்னுகிற வேளையில் நடுப்பகுதி அழுகிக் கூழாகியிருக்கும். இருபத்தோரு வருடம் கணவனோடு வைக்கோல் பரப்பியவள் அவள்.

"நல்லா மஞ்சளாகட்டும் தம்பி," என்றாள். "அவசரப்பட்டா துவர்க்கும்."

அடுத்த மூன்று வாரமும் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். தோட்டம் நாளுக்கு நாள் நிறம் மாறியது. வழியில் போகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அவர் வளர்த்த மரங்களாயிற்றே என்று ஒருநாள் மட்டும் மனம் அடித்துக்கொண்டது. காய்தானே போகும், மரத்துக்கு ஒன்றுமில்லை என்று அதன் வாயை அடைத்தாள்.

வியாபாரி லாரியோடு வந்தார். ஒரு பழத்தை அறுத்தார். வேறு மரத்தில் இன்னொன்று. நான்கு அறுத்ததும் கத்தியைத் துடைத்து மடக்கிக்கொண்டு, காலி லாரியிலேயே ஏறிப் போனார்.

கொழுந்தன் பாதிப் பழத்தோடு வந்தான். அதன் நடுவிலிருந்து பழுப்புக் கூழ் அவன் மணிக்கட்டில் வழிந்தது.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அண்ணன் இருந்தா இப்படிப் பண்ண விட்ருப்பாரா?"

"அவர் இருந்தா தோட்டம் உன் கைக்கு வந்திருக்குமா?"

அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான். அவன் தலைக்கு மேலே, மதிய வெயிலில், தோட்டம் முழுக்கப் பொன்னாகத் தொங்கியது. காற்றே இல்லை. ஒரு பழம் தானாக உதிர்ந்து புல்லில் பிளந்தது. குளவிகள் அதை நோக்கி இறங்கின.