மாமியார் பூக்கும் வரை

"போன வருஷமும் இதையேதான் சொன்ன..."

"போன வருஷம் வெயில் பத்தலை. அதுக்கு நான் என்ன..."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்போ அது சின்னச் செடிங்க. பால்குடி மறக்காததைப் பிடிச்சுப் பூ பூன்னா எங்கேருந்து பூக்கும்?"

"ஒரு தொட்டிச் செடிக்காக ரெண்டு மனுஷங்க மூணு வருஷமா பெட்டி கட்டாம உக்காந்திருக்கோம். வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா உடம்புக்கு நல்லது."

கணவர் ஜன்னல் கீலில் எண்ணெய் விட்டார். கண்ணாடி வீட்டின் மேல் ஜன்னல் ஒன்று இரண்டு நாளாகக் கிறீச்சிட்டுக் கொண்டிருந்தது. அதைச் சரி செய்யத்தான் வந்தார். வந்த இடத்தில் பேச்சு வழக்கமான தடத்தில் விழுந்துவிட்டது.

நாற்பது வருஷம் ஜன்னல் செய்த தச்சர் அவர். பழைய வீடுகளை இடிக்கும்போது தூக்கிப் போடுகிற ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, பின்கட்டில் சமையலறைச் சுவரோடு ஒட்டி இந்தக் கண்ணாடி வீட்டைக் கட்டினார். மொத்தம் பதினோரு ஜன்னல்கள். ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இல்லை. ஒரு பக்கம் பச்சைச் சாயம், ஒரு பக்கம் வெள்ளை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு மழை உள்ளே வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

உள்ளே இருப்பதெல்லாம் அவர் மனைவியுடையது. மருந்துக்கடையில் முப்பது வருஷம் மருந்து கலந்து கொடுத்தவள். ஓய்வு பெற்றதும் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கினாள். எந்தச் செடிக்கு எந்தக் கிழமை தண்ணீர், எதற்கு எத்தனை சிட்டிகை உரம் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதி ஒட்டிவைத்திருந்தாள். அறுபத்து மூன்று தொட்டிகள். அறுபத்திரண்டைப் பூக்க வைத்துவிட்டாள்.

மிச்சம் ஒன்றுதான் சண்டைக்குக் காரணம். மூங்கில் குருத்துப் போலத் தண்டு தண்டாக நிற்கிற வகை. தண்டின் கணுவுக்குக் கணு பூக்க வேண்டும். வெள்ளை இதழ், நுனியில் கத்தரிப்பூ நிறம். கொடுத்தவர் ஆர்க்கிட் வளர்க்கிற ஒரு பல் டாக்டர். "இது ரொம்பச் சுலபம் அக்கா, கேக்காமலே பூக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அது கேட்டும் பூக்கவில்லை. என்ன செய்தாலும் முகம் கொடுக்காமல் நிற்கிறது என்று கணவர் அதற்கு 'மாமியார்' என்று பேர் வைத்தார்.

மகன் வேறு ஊரில் வீடு கட்டி, கீழ்த்தளத்தில் இவர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தான். படி கிடையாது. குளியலறை அறைக்குள்ளேயே. நல்ல அறைதான். ஆனால் பால்கனியில் இரண்டு துண்டு காயப்போட்டால் மூன்றாவதற்கு இடம் இல்லை, வெயிலும் வராது. போனால் அறுபத்து மூன்றில் நான்கு தொட்டியைக் கொண்டுபோகலாம். மற்றதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று அவள் சொல்லியிருந்தாள்: "எல்லாத்தையும் பூக்க வெச்சுட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. இது பூக்கட்டும், மறுநாளே பெட்டி கட்டலாம்." மனசாரச் சொன்னாள். அவரும் சரி என்றார்.

"கேக்கணும்னு நினைச்சேன், முட்டி எப்படி இருக்கு?" என்றாள், பேச்சை மாற்ற.

"முட்டிக்கு என்ன? ராஜா மாதிரி இருக்கு. நான் முட்டிக்காகவா சொல்றேன்? பையன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், அதுக்காகச் சொல்றேன்." எண்ணெய்ப் புட்டியை மூடினார். "நீ கெட்டிக்காரிதான். உன் மாமியார் உன்னை விடக் கெட்டிக்காரி."

சனிக்கிழமை பல் டாக்டர் வந்தார். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற, காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்து இலைக்கு அடியிலும் கணுவின் பின்பக்கமும் காட்டிப் பார்த்தார். கணவர் கடைக்குப் போயிருந்தார்.

"கொஞ்சம் பெருசா திறங்க" என்றார் செடியிடம். பிறகு, "அக்கா, இதை மொட்டுன்னு நினைச்சீங்களா?"

"பின்னே? கணுவில பச்சையா முளைக்குதே."

"வேர் விடுது பாருங்க. மொட்டுக்கு ஏது வேர்? இது குட்டி. அம்மா மேலேயே முளைக்கிற குட்டிச் செடி. குளிர் தொடங்கினதிலேர்ந்து தண்ணி குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டு இல்லை டாக்டர். நீங்க சொன்ன மாதிரிதான். குளிர் முடியற வரைக்கும் தண்ணி இல்லை, உரம் இல்லை, முழுப் பட்டினி. மூணு வருஷமா அப்படித்தான்."

"என்கிட்ட வர்றவங்களும் அப்படித்தான் சொல்வாங்க, இனிப்பே தொடறதில்லைன்னு. பல்லைப் பார்த்தா தெரிஞ்சுடும்." தொட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். "தூக்கிப் பாருங்க."

கனத்தது. காய்ந்த மரப்பட்டை நிரப்பிய தொட்டி தக்கை மாதிரி இருக்க வேண்டும். இது ஈரத் துணி மூட்டை மாதிரி இருந்தது. தொட்டியின் விளிம்பில் உரம் பூத்து வெள்ளையாகப் படிந்திருந்தது. மூன்று வருஷமாக மேலே இலையைத்தான் பார்த்தாள். பட்டினி கிடக்கிற செடியை எதற்குத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

"தண்ணியும் சாப்பாடும் வேளைக்குக் கிடைச்சா இது எதுக்குப் பூக்கணும்?" என்றார் டாக்டர். "சொகுசா குட்டி போட்டுக்கிட்டு இருக்கும். வயிறு காய்ஞ்சாதான் பூ நினைப்பு வரும்."

"இப்போ நிறுத்தினா?"

"இன்னும் நாள் இருக்கு. மேல் கணு எல்லாம் தூங்குது. இப்போ காயப்போட்டாக்கூட குளிர் முடியறதுக்குள்ள மொட்டு வந்துடும்."

மறுநாள் விடியற்காலை படுக்கையில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. வழக்கம்தான், அவர் முன்னால் எழுந்து கீழே போய் நடை பழகுவதாகச் சொல்வார். அவள் மாடி ஜன்னலைத் திறந்தாள். நேர் கீழே கண்ணாடிக் கூரை. காற்றுக்காகத் திறந்துவைத்த மேல் ஜன்னல் வழியே குரல் வந்தது.

"குடி. நல்லா குடி. அவ உன்னைப் பட்டினி போடுறா, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. எல்லாத்துக்கும் ஊத்துவா, உனக்கு மட்டும் ஊத்த மாட்டா. நீ பூத்துட்டா கிளம்பணுமே, அதான். பாவம், அவளைச் சொல்லிக் குத்தமில்லை. நீயும் நானும்தான் இதைப் பார்த்துக்கணும். ஒரே ஒரு பூ போதும் மாமியாரே. பெருசாக்கூட வேண்டாம்."

முகம் மழிக்கிற குவளை அவர் கையில் இருந்தது. அதில் உரம் கலந்த நீலத் தண்ணீர். அளவு பார்த்துச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினார்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பூக்கட்டும் என்று ஊற்றி ஊற்றி, பூக்க விடாமல் செய்துகொண்டிருக்கிறார் மனுஷர். அதற்கப்புறம் கோபம் வந்தது. மூன்று வருஷமாக என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். கீழே போய் உண்டா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும் என்று செருப்பைத் தேடினாள்.

ஒரு செருப்பை மாட்டினாள். மற்றதை மாட்டவில்லை.

சொன்னால் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் பூக்கும். பூத்தால் போக வேண்டும்.

சொல்லாவிட்டால் அவர் ஊற்றிக்கொண்டே இருப்பார். அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இவள் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டாள். இத்தனை நாள் அவர் அவள்மேல் வைத்திருந்த சந்தேகம் வெறும் பொய். அன்று காலையிலிருந்து அது மெய்யாயிற்று.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வந்தபோது கணவர் தேநீர்க் கோப்பைகளோடு நின்றிருந்தார்.

"அக்கா, தண்ணி எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார் டாக்டர்.

அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை. "கூரை ஒழுகுது டாக்டர்."

"கூரையா?" என்றார் கணவர். "நான் போட்ட கூரையா?"

"நீங்க போட்டதுதான். நேரா இது மேலேயே ஒழுகுது."

நாற்பது வருஷத் தச்சர் கூரையைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். கோப்பைகளை ஓரமாக வைத்தார். தன் வேலையில் யாராவது குறை சொன்னால் மூன்று நாள் சோறு இறங்காத மனுஷர்.

"இருக்கும்" என்றார். "பழைய சட்டம்தானே. பார்த்து அடைக்கிறேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வாயைத் திறக்கச் சொல்றதுதான் என் தொழில்" என்றார். "மூடவும் தெரியும். டீ நல்லா இருக்கு."

அன்று சாயங்காலம் ஒழுகாத கூரையை அவர் அடைத்தார். முக்காலி மேல் ஏறி நின்று, ஒரு மணி நேரம், மக்குப் பசையை விரலால் தேய்த்துத் தேய்த்து வைத்தார். அவள் கீழே நின்று பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் தெரியும், கூரையில் ஒன்றுமில்லை என்று. இரண்டு பேருக்கும் தெரியும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"இனிமே ஒழுகாது" என்றார், இறங்கும்போது. முக்காலியைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார்.

"முட்டியா?"

"சேச்சே. மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

இப்படி மூன்று வாரம் போயிற்று. குட்டிகளில் இரண்டு இலை பெரிதாகிவிட்டது. அவர் காலையில் ஊற்றினார். அவள் பத்து மணிக்கு வந்து, "இன்னும் ஒண்ணும் காணோமே" என்றாள். "வரும் வரும்" என்றார் அவர். மகன் போனில் கேட்டபோது, "உங்கம்மா மாமியார் இன்னும் மனசு வைக்கலைடா" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் முகத்தைப் பார்ப்பது குறைந்துபோயிற்று.

கடுங்குளிர் வரும் என்று வானொலியில் சொன்ன மறுநாள், கண்ணாடி வீட்டு ஹீட்டர் அணைந்திருக்குமோ என்ற பயத்தில் அவள் அவருக்கு முன்னால் எழுந்து கீழே போனாள். ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. தேநீருக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று சமையலறைக்கு வந்தாள். விளக்குப் போடவில்லை. அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது.

தொப்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி, தொப்.

கதவு இடுக்கு வழியே பார்த்தாள். செங்குத்தான படி, மேலிருந்து கீழ் பதினான்கு. அவர் நடந்து வரவில்லை. உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். குழந்தைகள் இறங்குகிற மாதிரி, இரண்டு கையையும் ஊன்றி, ஒரு படி. கெட்டியாகக் கட்டின வலது முட்டியை மடக்காமல் நீட்டி, அடுத்த படி. முகம் மழிக்கிற குவளை பக்கத்தில். ஒரு படி இறங்கியதும் அதை எடுத்துத் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நடுவில் நிறுத்திக் கண்ணை மூடி மூச்சு வாங்கினார்.

"இன்னும் ஏழு" என்றார் குவளையிடம்.

அவள் கதவுப் பிடியைப் பற்றியபடியே நின்றாள். பகலில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறாள். கட்டிலைக் கீழே முன்னறையில் போடலாம் என்று ஒரு தடவை சொன்னபோது, "வாசல்ல படுக்க நான் என்ன நாயா? அதோட ராத்திரி குளியலறைக்கு மேலேதானே ஏறணும்" என்று தட்டிக்கழித்துவிட்டார். நடை பழகுகிறேன் என்று சொன்ன காலையெல்லாம் இப்படித்தான் வந்திருக்கிறார். இனிமேல் இந்தப் படியில் இறங்காமல் இருப்பதற்காக, தினமும் இந்தப் படியில் இறங்கியிருக்கிறார்.

கடைசிப் படியில் அவர் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தலையைக் கோதினார். யாரும் பார்க்காத முன்னறையில் ராஜா மாதிரி நிமிர்ந்து நடந்து, பின்கதவைத் திறந்துகொண்டு போனார்.

அவள் போய்க் கண்ணாடி வீட்டு வாசலில் நின்றபோது, அவர் குவளையில் உரத்தைப் போட்டுக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் திரும்பினார். குவளையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நீலத் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"முகம் மழிக்கலாம்னு வந்தேன்" என்றார். "இங்கே வெளிச்சம் நல்லா இருக்கு."

"விடியவே இல்லையே."

"விடியும்ல."

அவள் உள்ளே வந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக் குவளையை வாங்கினாள். அவர் விடாமல் பிடித்திருந்து, பிறகு விட்டார். அவள் அதைத் தரைச் சாக்கடை ஓரம் சாய்த்தாள். தண்ணீர் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமியார்த் தொட்டியைத் தூக்கி, கூட்டத்திலிருந்து விலக்கி, குளிர்ந்த கண்ணாடிப் பக்கமாக, எல்லாவற்றுக்கும் தள்ளித் தனியாக வைத்தாள்.

"இனிமே இதுக்குத் தண்ணி ஊத்தாதீங்க" என்றாள். "காயவிட்டாத்தான் இது பூக்கும்."