கட்செவி

என் காதைத் தின்றது இந்தத் தறிக்கூடம்தான். கல்யாணத்துக்கு முன்பே உள்ளே வந்தவள். பிள்ளைகள் வளர்வதற்குள் காது சுத்தமாக அடைத்துவிட்டது. அதனால் என்ன? தறி ஓடும்போது அங்கே யாருக்கு எது கேட்கும்? எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவோம். அதில் நான் கெட்டிக்காரி. கூடத்தின் அந்தக் கோடியில் ஓடும் மாமியார் புராணம்கூட எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

எங்கள் எல்லோருக்கும் காது பரிசோதனை நடந்தது. அடுத்த நாள், புது மேனேஜர் தன் கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசரிடம் என்னைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி சத்தத்தைத்தான் தடுக்கும்.

"அந்தச் செவிட்டுப் பாம்பு தறியில வேணாம். அபாய மணி அடிச்சாக்கூடக் கேக்காது. நாளைக்கு விளக்குமாறு குடுத்துடு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெருக்குவது கேவலமில்லை. என் தறியைப் பிடுங்க இவர் யார்?

வீட்டில் சொல்லிப் பொருமினேன். தமிழ் டீச்சரான என் தங்கை கோபப்படுவாள் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரித்தாள். பாம்புக்குக் கட்செவி என்றொரு பழைய பெயர் உண்டாம். கண்ணும் செவியும் சேர்ந்த சொல். பாம்பின் தலையில் காதைக் காணாதவர்கள், அது கண்ணாலேயே கேட்கிறது என்று முடிவுகட்டி வைத்த பெயராம். நிஜத்தில் அது எப்படிக் கேட்கிறதோ, அது பாம்பின் பாடு. ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் அதைச் செவிடு என்று சொல்லவில்லையே! எனக்கு அது பிடித்துப்போனது.

"திட்டத் தெரியாம பட்டம் குடுத்திருக்காருக்கா," என்றாள்.

மறுநாள் விளக்குமாற்றை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு, ஒரு நிமிஷம் வாங்க என்று மேனேஜரை ஓடும் தறிகளுக்கு நடுவே கூட்டிப்போனேன். இப்போது மணி அடித்தால் உங்களுக்குக் கேட்குமா என்று கேட்டேன். காதுக்குப் பின்னால் கையை வைத்து, என்ன, என்ன என்றார். சூப்பர்வைசரும் திருதிருவென முழித்தார். மனுஷனுக்கு என்னடி ஆச்சு என்று கோடியிலிருந்து என் தோழியின் உதடு கேட்டது.

"காது கேக்கலையாம்," என்றேன். கூடமே சிரித்தது.

மேனேஜர் விறுவிறுவென்று அறைக்குள் போனார். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சூப்பர்வைசரிடம் பேச ஆரம்பித்தார். நான் விடுவேனா? போய்க் கதவைத் திறந்து, கண்ணாடியைத் தட்டினேன்.

"இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க சார். என் தறியப் பத்தின பேச்சு. நான் கேக்கணும்."

திரும்பினார். பிறகு நிறுத்தி நிறுத்தி, தறிக்குப் போம்மா என்றார்.

விளக்குமாற்றை அவர் கதவில் சாத்திவிட்டுப் போனேன்.